கலிபோர்னியாவிலிருந்து யோகோசுகாவுக்கு: கடற்படைக் குடும்பங்களுக்கான இடமாற்றச் சேவை எப்படி இருக்கிறது?

என் கணவர் அமெரிக்கக் கடற்படையில் மின்பொறிப் பிரிவில் பணிபுரிகிறார். சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில், கலிபோர்னியாக் கடற்கரையில் உள்ள ஒரு தளத்திலிருந்து ஜப்பானின் யோகோசுகா தளத்துக்கு, மூன்றாண்டுப் பணிக்காகக் குடும்பத்தோடு செல்லும்படி அவருக்கு உத்தரவு வந்தது. அந்த உத்தரவு கைக்கு வந்த நாளுக்கும், யோகோசுகாவின் மலைச்சரிவில் ஒரு வாடகை வீட்டில் எங்கள் கடைசிப் பெட்டி பிரிக்கப்பட்ட நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஏழு மாதங்கள். சாமான் கட்டுவது, கப்பலில் அனுப்புவது, விமானம், தங்குமிடம், புது ஊரைப் பழக்கும் வகுப்பு என அந்த ஏழு மாதங்களில் அரசு செலவில் எங்களுக்குக் கிடைத்த இடமாற்றச் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதெல்லாம் கிடைக்கும் என்று கேட்டால் இந்தச் சேவை பவுண்டுக் கணக்கிலும் டாலர் கணக்கிலும் துல்லியமாகப் பதில் சொல்கிறது. எப்போது கிடைக்கும் என்று கேட்டால், அதனிடம் உள்ளது ஒரு தேதி எழுதிய காகிதம் மட்டுமே. வாக்களித்த எதுவும் எங்களுக்குக் கிடைக்காமல் போகவில்லை. ஆனால் நாள்களை நாமே எண்ணி, நாமே முன்கூட்டித் திட்டமிட்டுக்கொண்டால்தான் அந்த வாக்குறுதிகள் பயன்படும். இந்த உண்மையை எங்களுக்குச் சொன்னது எந்த அலுவலகமும் அல்ல, எங்களுக்கு முன்பே ஜப்பானில் இருந்துவிட்டுத் திரும்பிய, அடுத்த வீட்டுக் கடற்படைக் குடும்பம்.

இங்கு வருவோர் முதலில் பார்க்க வேண்டியது உடற்தகுதிப் பரிசோதனை. கணவருக்கு மட்டுமன்றி எனக்கும் எங்கள் ஆறு வயது மகளுக்கும் மருத்துவ, பல் மருத்துவ ஆவணங்களைச் சரிபார்த்து, போகும் ஊரின் கடற்படை மருத்துவமனையில் எங்களுக்குத் தேவையான சிகிச்சை கிடைக்குமா என்று உறுதி செய்த பிறகே குடும்பத்துக்கு அனுமதி தருகிறார்கள். நியாயமான ஏற்பாடுதான். மகளுக்கு ஒரு பல் சொத்தை அடைக்கப்படாமல் இருந்ததால் எங்கள் கோப்பு மூன்று வாரம் ஒரு மேசையிலேயே கிடந்தது. பல்லை அடைத்தது இருபது நிமிட வேலை. மருந்துகள் பற்றிய எச்சரிக்கையையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். மூக்கடைப்புக்கு அமெரிக்காவில் நாம் சாதாரணமாக வாங்கும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அவற்றை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. கவனக் குறைபாட்டுக்குத் தரப்படும் ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகள் அங்கே முற்றிலும் தடை செய்யப்பட்டவை. எங்கள் மருந்துப் பெட்டியில் இருந்த இரண்டு அட்டைகளைக் குப்பையில் போட்டோம்.

அடுத்தது பூனை. எங்கள் வீட்டில் மிளகு என்றொரு கறுப்புப் பூனை இருக்கிறது. வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு என்பதால் நாய், பூனைகளுக்கு ஜப்பான் விதிக்கும் முறை கடுமையானது. முதலில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும்; அதன் பிறகு தடுப்பூசி; குறைந்தது 30 நாள் கழித்து இரண்டாம் தடுப்பூசி; பிறகு இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புத் திறன் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குக் குறைந்தது 40 நாளுக்கு முன்னால் ஜப்பானிய விலங்குத் தனிமைப்படுத்தல் துறைக்கு முன்னறிவிப்பும் தர வேண்டும். உத்தரவு மார்ச்சில் வந்தது, பயணம் ஜூலையில். உத்தரவுக்குப் பிறகு ஊசியைத் தொடங்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது.

எங்களைக் காப்பாற்றியவர் அதே அடுத்த வீட்டுப் பெண்மணி. என் கணவர் அடுத்த பணியிடத்துக்கான தம் விருப்பப் பட்டியலில் ஜப்பானை எழுதினார் என்று கேள்விப்பட்டதும், உத்தரவு வருகிறதோ இல்லையோ பூனைக்கு இரத்தம் எடுத்துவிடுங்கள் என்று நவம்பரிலேயே சொன்னார். ஜனவரி முதல் வாரத்தில் எடுத்தோம். ஜூலை முதல் வாரத்தில் 180 நாள் முடிந்தது. 2024ஆம் ஆண்டு முதல், வெளிநாட்டு இடமாற்றத்தில் ஒரு நாய்க்கோ பூனைக்கோ ஆகும் செலவில் 2,000 டாலர் வரை அரசு திருப்பித் தருகிறது. இது உண்மையிலேயே நல்ல மாற்றம். எனினும், விருப்பப் பட்டியலில் ஒருவர் ஜப்பான் என்று எழுதும் கணத்திலேயே இந்த 180 நாள் பற்றிய ஒரு வரியை அவருக்கு அனுப்பிவிட்டால், பல பிள்ளைகளின் கண்ணீர் மிச்சமாகும்.

இனி சாமான்களுக்கு வருகிறேன். இந்தச் சேவையின் பெரும்பகுதி இதுதான். என் மனக்குறையின் பெரும்பகுதியும் இதிலேதான். என் கணவர் இ-6 என்ற சம்பள நிலையில் உள்ளவர். குடும்பத்தோடு செல்லும் அவருக்கு அனுமதிக்கப்பட்ட எடை 11,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 5 டன். அதைத் தாண்டினால் கூடுதல் எடைக்கான செலவைச் சம்பளத்தில் பிடிப்பார்கள். இந்த எடையை மூன்றாகப் பிரிக்கலாம். உடனே தேவைப்படும் பாத்திரம், படுக்கை, பிள்ளையின் பொருள்கள் ஆகியவை விரைவுச் சரக்காகச் செல்லும். பெரிய சாமான்கள் கப்பலில் வரும். ஜப்பானிய வீட்டுக்குள் நுழையாதவை அமெரிக்காவிலேயே அரசு செலவில் கிடங்கில் இருக்கும். காரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் ஜப்பானுக்கு அரசு செலவில் கார் அனுப்புவதில்லை; அதையும் கிடங்கில் விட்டு வரலாம்.

விரைவுச் சரக்கில் எதைப் போடுவது என்று யோசிப்பதில் ஒரு முழு வாரம் செலவிடலாம் என்பது என் கருத்து. நான் வெட் கிரைண்டரைக் கப்பல் சரக்கில் போட்டேன். பிரஷர் குக்கரையும் ஒரு தோசைக்கல்லையும் விரைவுச் சரக்கில் போட்டேன். பாதி சரியான முடிவு. கறிவேப்பிலைச் செடிக்கு எந்தச் சரக்கிலும் இடமில்லை. மண் ஒட்டிய எதையும் ஜப்பான் உள்ளே விடாது. சான்றில்லாத செடிக்கும் அனுமதி கிடையாது. எட்டு வருடம் வளர்த்த செடியை ஒரு குஜராத்திக் குடும்பத்திடம் தொட்டியோடு கொடுத்துவிட்டு வந்தேன்.

சாமான் கட்ட வந்தவர்கள், அரசு ஒப்பந்தம் பெற்ற ஒரு நிறுவனத்தின் உள் ஒப்பந்தக்காரர்கள். நான்கு பேர் வருவார்கள், இரண்டு நாள் ஆகும் என்று கடிதம் சொன்னது. ஜூன் 24 அன்று காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள், இரண்டு பேராக. வேலையை ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவாம். அந்த இருவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களில் மூத்தவர் கண்ணாடிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றிய விதம், எங்கள் ஊர் பூக்காரம்மா தாமரை இலையில் பூச்சரத்தை மடிப்பது போல இருந்தது. ஆனால் மாலை ஐந்து மணிக்கு மேல் கை தளர்ந்த பிறகு, மேசை விளக்கும் இட்லித் தட்டுகளும் மகளின் ரோலர் ஸ்கேட்டும் ஒரே பெட்டிக்குள் போயின.

இந்தச் சேவைக்குப் புதிதாக வருவோர் கண்ணில் படாமல் போகும் ஒன்றைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும், ஒவ்வொரு மரச்சாமானிலும் எண் அச்சிட்ட ஒரு வண்ண வில்லையை ஒட்டுவார்கள். அந்த எண்ணை ஒரு பட்டியலில் எழுதி, பக்கத்தில் பொருளின் நிலையைச் சுருக்கெழுத்தில் குறிப்பார்கள். கீறல், விரிசல், நசுங்கல், கறை என ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் குறி உண்டு. பொருள் சேதமடைந்து வந்தால், அது முன்பே சேதமாக இருந்தது என்று சொல்லிவிட இந்தக் குறிகள் உதவும் என்பதால், புத்தம் புதிய பொருளுக்குக் கூட நான்கைந்து குறிகளைப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. எங்கள் பட்டியலில் ஆறு மாதம் முன்பு வாங்கிய அலமாரிக்கு ஏழு குறிகள் இருந்தன. கிரைண்டரின் கல்லை அவர்களால் எந்த வகையிலும் சேர்க்க முடியவில்லை. அது சமையலறைப் பொருளா, தோட்டப் பொருளா, உடற்பயிற்சிக் கருவியா என்று இருவரும் விவாதித்துவிட்டு, ‘பாறை, சமையலறை, கீறல் உண்டு’ என்று எழுதினார்கள். கிரைண்டரின் டிரம்முக்கும் மூடிக்கும் சேர்த்து மற்றொரு வரியில் ‘உலோகப் பாத்திரம், கீறல், நசுங்கல்’ என்று எழுதினார்கள். பட்டியலில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படித்து, ஒப்பாத இடத்தில் மறுப்பு எழுதும் உரிமை நமக்கு உண்டு. அலமாரிக்கு எதிரே எழுதினேன். கிரைண்டருக்கு எழுதவில்லை; இரவு ஒன்பது மணி, மகள் வெறுந்தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒன்று மட்டும் செய்தோம், அது பின்னால் உதவியது: ஒவ்வொரு மரச்சாமானையும் நான்கு பக்கமும், ஒவ்வொரு மின்கருவியும் ஓடுவதையும் அன்று காலையிலேயே கைபேசியில் படம் பிடித்து வைத்தோம்.

பயணம் சியாட்டிலிலிருந்து. பேட்ரியாட் எக்ஸ்பிரஸ் என்று அழைக்கப்படும் விமானம் உண்மையில் இராணுவம் வாடகைக்கு எடுக்கும் சாதாரணப் பயணிகள் விமானம்தான். சியாட்டில்-டக்கோமாவிலிருந்து நேரே தோக்கியோவின் மேற்கே உள்ள யோகோத்தா விமானப்படைத் தளத்தில் இறங்குகிறது. ஒருவருக்கு 70 பவுண்டு எடையுள்ள இரண்டு பெட்டிகள் இலவசம் என்பது பெரிய உதவி. மூன்று பேருக்கு ஆறு பெட்டி. நான் இரண்டு பெட்டிகளை மளிகைக்கே ஒதுக்கினேன். நள்ளிரவு தாண்டியே வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால் பிள்ளைகள் உள்ளவர்கள் முந்தைய நாளே சியாட்டில் போய்விடுவது நல்லது. விமானத்தில் எல்லோரும் நம்மைப் போலவே வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் என்பதால், அழும் குழந்தையைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. மிளகு என் காலடியில் கூடைக்குள் இருந்தது. பத்து மணி நேரமும் வாயைத் திறக்கவில்லை, யோகோத்தாவில் கால்நடை அதிகாரி ஆவணங்களைப் பார்க்கத் தொடங்கியதும்தான் கத்தத் தொடங்கியது. தாளில் உள்ள எண்களும் சிப்பில் உள்ள எண்ணும் ஒத்திருந்தன. ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

அங்கிருந்து பேருந்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். யோகோசுகா தோக்கியோ விரிகுடாவின் வாயில், மியுரா தீபகற்பத்தில் இருக்கிறது. 1865இல் லியோன்ஸ் வெர்னி என்ற பிரெஞ்சுப் பொறியாளரைக் கொண்டு ஜப்பானியர் தொடங்கிய இரும்பாலையும் கப்பல் துறையும்தான் இன்றைய தளத்தின் வேர். 1871இல் கட்டி முடிக்கப்பட்ட முதல் உலர்துறை இன்றும் தளத்துக்குள் வேலை செய்கிறது. துறைமுக ஊரான தூத்துக்குடியில் வளர்ந்த எனக்கு, பாரந்தூக்கிகளின் சத்தமும் துருவும் உப்பும் கலந்த வாடையும் முதல் நாளே பழக்கப்பட்டவையாக இருந்தன. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலொன்று குடும்பங்களோடு இங்கே நிலைகொள்ளத் தொடங்கியது 1973இல், மிட்வே கப்பலோடு. இந்தச் சேவையின் ஜப்பானிய முனை புறப்பட்ட முனையைவிட நூறு மடங்கு நன்றாக இயங்குவதற்கு, அந்த அரை நூற்றாண்டுப் பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

பேருந்து நின்ற இடத்தில் எங்கள் ஸ்பான்சர் நின்றுகொண்டிருந்தார். வருபவரின் பிரிவில் ஏற்கெனவே பணிபுரியும் ஒருவரை, புதிதாக வரும் குடும்பத்துக்குத் துணையாக நியமிப்பதே ஸ்பான்சர் முறை. இது ஆளைப் பொறுத்தது. நல்லவர் அமைந்தால் பாதிக் கவலை போய்விடும். எங்களுக்கு அமைந்தவர் விடுதி அறையில் பாலும் முட்டையும் அரிசியும் வாங்கி வைத்திருந்தார். எங்களுக்குக் கிடைத்த அறையில் பூனைக்கு இடமில்லை என்று தெரிந்ததும் மிளகைத் தம் வீட்டுக்குத் தூக்கிப் போய் ஐந்து வாரம் வைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது அது மத்தி மீனைத் தவிர வேறெதையும் தின்ன மறுத்தது.

முழு மதிப்பெண் நான் தருவது ஒன்றுக்குத்தான். கடற்படையின் குடும்ப நல மையம் புதிதாக வருபவர்களுக்கு நடத்தும் அறிமுக வகுப்பு அது. ஒரு வாரம், கட்டணம் இல்லை, மனைவியரும் அமரலாம். சாலை விதிகள், குப்பை பிரிக்கும் முறை, நிலநடுக்கத்தின்போது செய்ய வேண்டியவை, வீடு பார்க்கும் முறை, சோஃபா ஒப்பந்தம் என எல்லாம் அங்கே சொல்லப்படும். இந்தச் சோஃபா, 1960இல் அமெரிக்காவும் ஜப்பானும் செய்துகொண்ட, படையினரின் நிலை பற்றிய ஒப்பந்தம். அதன் பெயரால் கடவுச்சீட்டில் ஒரு முத்திரை இருந்தால் நாம் வெளிநாட்டவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. ‘சோஃபா கிடைத்துவிட்டது’ என்று நான் தொலைபேசியில் சொன்னதைக் கேட்ட அம்மா, ‘அப்போ கட்டில் எப்பம்மா வரும்?’ என்று கேட்டார். அது வர இன்னும் பத்து வாரம் இருந்தது.

வகுப்பின் நான்காம் நாள், எங்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஜப்பானியப் பெண் ஆசிரியர் ஒருவர் ரயிலில் அழைத்துச் சென்றார். ஜேஆர் யோகோசுகா நிலையம் 1889இல் திறக்கப்பட்டது. கடலோரமாக, தெருவும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி கட்டப்பட்டதால் அங்கே படிக்கட்டே கிடையாது. அங்கிருந்து நான்காவது நிலையம் கமாகுரா. ஆசிரியர் எங்களுக்குச் சீட்டு வாங்கித் தரவில்லை. ஆளுக்கு ஓர் இலக்கைத் தந்து, நிலையத்தின் வரைபடத்தில் கட்டணத்தைக் கண்டுபிடித்து, இயந்திரத்தில் காசைப் போட்டு நாங்களே வாங்கும் வரை பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வாங்கிய சீட்டு 20 யென் குறைவானது என்பதும், இறங்கும் இடத்தில் அதைச் சரிக்கட்ட ஒரு தனி இயந்திரம் உண்டு என்பதும் கமாகுராவில்தான் தெரிந்தது. ஆசிரியருக்கு அது யோகோசுகாவிலேயே தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு நல்ல ஆசிரியரை நான் என் பள்ளியில்கூடப் பார்த்ததில்லை. அந்த வகுப்பு முடிந்த மறுநாள், மகளைக் கூட்டிக்கொண்டு தனியாக யோகோகாமா வரை போய் வந்தேன்.

ஓட்டுநர் உரிமமும் அதே வாரத்தில். எழுத்துத் தேர்வு எளிது. ஆனால் இடப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதைக் கேட்டுப் பலர் வெளிறிப் போனார்கள். அப்பாவின் ஸ்கூட்டர் பின்னிருக்கையில் இடப்பக்கச் சாலையிலேயே வளர்ந்தவள் என்பதால் எனக்கு அது ஊருக்குத் திரும்பியது போலிருந்தது. தளத்தில் புறப்படும் குடும்பங்கள் விற்றுவிட்டுப் போகும் பழைய சிறு கார் ஒன்றை வாங்கினோம். இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயப் பரிசோதனை இன்னும் எத்தனை மாதம் செல்லும் என்பதைப் பார்த்துத்தான் அங்கே விலை பேச வேண்டும்.

வீட்டு அலுவலகம் பற்றிச் சுருக்கமாக. தளத்துக்குள் அடுக்குமாடிக் குடியிருப்பு உண்டு. ஸுஷி நகரத்தின் பக்கம் இகேகோ என்ற குடியிருப்பும் உண்டு. நாங்கள் வெளியில் எடுத்தோம். முன்பணம், வீட்டுக்காரருக்குத் திரும்பப் பெற முடியாத அன்பளிப்புப் பணம், தரகுக் கூலி என மூன்றும் சேர்ந்து தொடக்கத்திலேயே பல மாத வாடகைக்குச் சமமாகிவிடும். திரும்ப வராத செலவுகளை அரசு தனிப் படியாகத் தருகிறது. ஒப்பந்தத்தை அலுவலகமே ஆங்கிலத்தில் விளக்கியது, வீட்டுக்காரரிடம் பூனைக்கும் அனுமதி வாங்கித் தந்தது. வீடு கிடைக்கும் வரை விடுதிச் செலவுக்கும் படி உண்டு. ஆனால் 10 நாளுக்கு ஒருமுறை வீடு தேடிக்கொண்டிருப்பதற்கான சான்றோடு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 25 அன்று குடிபுகுந்தோம். அலுவலகம் கட்டிலும் மேசையும் நாற்காலியும் தற்காலிகமாகக் கடனாகத் தந்தது. விரைவுச் சரக்கும் வந்துவிட்டது. தோசைக்கல் இருந்தது, அரைக்கத்தான் ஒன்றுமில்லை.

கப்பல் சரக்கு வந்து சேர வேண்டிய தேதி என்று தாளில் இருந்தது செப்டம்பர் 10. செப்டம்பர் 10 அன்று எந்தத் தகவலும் இல்லை. நிறுவனத்துக்குத் தொலைபேசி செய்தால், அது புறப்பட்ட ஊரின் போக்குவரத்து அலுவலகத்தைக் கேட்கச் சொன்னது. அந்த அலுவலகம் நிறுவனத்தைக் கேட்கச் சொன்னது. நேர வித்தியாசத்தால் ஒவ்வொரு அழைப்பும் எங்களுக்கு அதிகாலை. கணவர் கடலில் இருந்தார். கடைசியில் உண்மையைக் கண்டுபிடித்துத் தந்தவர், யோகோசுகாவின் சரக்குப் பிரிவில் முப்பது ஆண்டாக வேலை செய்வதாகச் சொன்ன ஒரு ஜப்பானிய எழுத்தர். எங்கள் மரப்பெட்டகங்கள் கலிபோர்னியாவில் ஒரு கிடங்கில் ஐந்து வாரம் கிடந்துவிட்டுத்தான் கப்பலேறின என்றார். தேதி தவறினால் அந்த நாள்களுக்கான செலவை ஒப்பந்த நிறுவனத்திடம் அசௌகரிய ஈடாகக் கேட்கலாம் என்பதையும் அவரே சொன்னார். ரசீதுகளை வைத்திருந்தோம், கேட்டோம், கொடுத்தார்கள்.

அக்டோபர் 8, கட்டிய நாளிலிருந்து 106ஆம் நாள், சாமான் வந்தது. எங்கள் வீட்டுக்கு லாரி வராது. யோகோசுகாவின் பல வீடுகளைப் போல அதுவும் குறுகிய பள்ளத்தாக்கில், 63 படிகளுக்கு மேலே இருக்கிறது. படிக்கட்டே இல்லாத ரயில் நிலையம் கட்டிய ஊரில் எப்படி இப்படி வீடு கட்டினார்கள் என்று நான் ஒவ்வொரு நாளும் மூச்சு வாங்கியபடி யோசிப்பதுண்டு. ஜப்பானிய நிறுவனத்திலிருந்து ஆறு பேர் சொன்ன நிமிடத்துக்கு வந்தார்கள். வாசல் முதல் உள்ளறை வரை தரையில் விரிப்பு, கதவு மூலைகளில் மெத்தை, காலில் புதிய காலுறை. என் கையில் எண்கள் நிறைந்த ஒரு தாளைத் தந்தார்கள். ஒவ்வொரு பெட்டி வரும்போதும் அவர்கள் எண்ணைக் கூவ, நான் அடித்துக்கொண்டே வர வேண்டும். இதைப் பிங்கோ தாள் என்கிறார்கள். கோயில் திருவிழாவில் தம்போலா விளையாடிய பழக்கம் எனக்கு உண்டு. 148 எண்களில் 147 அடித்தேன். விட்டுப்போன 91ஆம் எண்ணை ஒரு இளைஞர் கடைசியாக, இரு கைகளாலும் மார்போடு அணைத்து, 63 படிகளையும் ஏறிக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இது என்ன என்று சைகையால் கேட்டார். நான் மாவரைப்பதைச் சைகையால் காட்டினேன். ‘மோச்சி?’ என்றார், அரிசியை இடித்துச் செய்யும் ஜப்பானியப் பண்டத்தைச் சொல்லி. ஏறத்தாழ அதுதான் என்று தலையாட்டினேன்.

பெட்டிகளைப் பிரித்து, காகிதக் குப்பையை எடுத்துச் செல்வதும் இந்தச் சேவையில் அடங்கும். கேட்டு வாங்குங்கள், குப்பை பிரிக்கும் விதிகள் உள்ள ஊரில் 148 பெட்டிகளின் அட்டையை நாமே ஒழிப்பது நடக்காத காரியம்.

அலமாரியின் பின்பலகை உடைந்திருந்தது. விளக்கு நொறுங்கியிருந்தது, இட்லித் தட்டுகளில் ஒன்று ரோலர் ஸ்கேட்டின் வடிவத்தை வாங்கியிருந்தது. கிரைண்டரின் டிரம் ஒருபக்கம் நசுங்கி, மூடி உடைந்திருந்தது. சேதத்தை அறிவிக்கச் சாமான் வந்த நாளிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு; பூனைக்குச் சொன்ன அதே எண், ஆனால் இம்முறை நமக்குச் சாதகமாக. முழு மாற்று விலை வேண்டுமானால் உரிமைக் கோரிக்கையை ஒன்பது மாதத்துக்குள் போட வேண்டும். அதற்கு மேல் இரண்டாண்டு வரை போடலாம், ஆனால் தேய்மானம் கழித்த விலைதான் கிடைக்கும். நான் இரண்டாம் வாரத்திலேயே போட்டுவிட்டேன்.

இடையில் கிரைண்டரின் டிரம்மைத் தட்டி நிமிர்த்தி ஓட்டிப் பார்த்தேன். ஓடியது, ஆனால் களைத்த மாட்டைப் போல. டிரம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன், காரணம் மின்சாரம். கிழக்கு ஜப்பானில் 100 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் தோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகள் வாங்கியதால் வந்த பிளவு, இன்றுவரை ஃபுஜி ஆற்றை எல்லையாகக் கொண்டு நிற்கிறது. அமெரிக்காவுக்கென்று 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த என் கிரைண்டர் மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சற்றுச் சூடும் ஆகும். மின்பொறிப் பிரிவில் இருப்பவர் கப்பலிலிருந்து வந்து இதை விளக்கினார். புறப்படும் முன்பே விளக்கியிருக்கலாம். வோல்டேஜ் பற்றி எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. ஹெர்ட்ஸ் பற்றி நான் எதிலும் பார்க்கவில்லை. கடிகாரம், மோட்டார் உள்ள கருவி எதையும் கிழக்கு ஜப்பானுக்குக் கொண்டுவருபவர்கள் பின்புறத்து வில்லையில் 50/60 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் ஈட்டுத் தொகை வந்தது. அலமாரிக்கு நான் எழுதிய மறுப்பும் காலையில் எடுத்த படமும் இருந்ததால் முழு மாற்று விலை கொடுத்தார்கள். விளக்குக்கும் கொடுத்தார்கள். இட்லித் தட்டுக்கு, தனியாக விலைப்பட்டியல் காட்ட முடியாததால், ஏழு டாலர். டிரம்முக்கும் மூடிக்கும் ஒன்றும் இல்லை; பட்டியலில் ‘கீறல், நசுங்கல்’ என்று முன்பே எழுதியிருக்கிறது, அதில் என் கையெழுத்தும் இருக்கிறது என்று பதில் வந்தது. கல்லுக்கு மட்டும் எந்தச் சேதமும் இல்லை.